ஃபென்னாவின் காது

என் தம்பி யெல்லெ லேவார்டன் ஊரில் பத்தொன்பது வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறான். அவன் வண்டி ஒரு நாளாவது தாமதம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஏறுகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்வான். இறங்குகிறவர் நன்றி சொல்லாமல் போனால் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பான், அவ்வளவுதான் அவன் கோபம். இதோடு நிறுத்திக்கொண்டால் எனக்கும் நிம்மதி. ஆனால் நான் சொல்ல வந்தது அவன் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி. அதில் பாதிக்கு மேல் என் பங்கு. நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது.

எங்கள் நாட்டில் பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்தால் பள்ளிக்கூடம் கட்டாயம். அதற்குப் பிறகு நீண்ட பயணம் போக வேண்டுமானால் அதிகாரிகளிடம் காரணம் சொல்லி மாளாது. யெல்லெயின் மகள் ஃபென்னாவுக்கு ஆகஸ்டில் ஐந்து முடிகிறது. அதனால் அவனும் அவன் பெண்டாட்டி கார்லீனும் அந்த ஏப்ரலிலிருந்து நாலு மாதம் விடுப்பு எடுத்துவிட்டார்கள். ஒரு பழைய வேனை வாங்கி, அதில் படுக்கையும் அடுப்பும் அவனே பொருத்தினான். எல்லாம் தயார், எங்கே போவது என்பதைத் தவிர.

ஜனவரி முழுக்க அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஐரோப்பா விரிந்து கிடந்தது. போர்ச்சுகல் தூரம்; ஒன்றரை வயது மகன் தைஸை வைத்துக்கொண்டு அவ்வளவு நாள் சாலையில் கிடக்க முடியாது. இத்தாலி வெயில். ஸ்வீடனில் கொசு. கார்லீன் இதையெல்லாம் பேசவிட்டுவிட்டு, கடைசியில் ஒவ்வொரு தடவையும் விரலை ஸ்லொவேனியாவில்தான் வைத்தாள். அவளுடைய தாத்தா அங்கே ஒரு மலைப் பள்ளத்தாக்கிலிருந்து எங்கள் நாட்டின் தென்கோடியில் லிம்பர்க் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வந்தவர். அவருடைய வீடு இன்னும் இருக்கிறது. அங்கே இருக்கும் சொந்தக்காரர்கள், "எங்க முற்றத்திலேயே வண்டியை நிறுத்திக்குங்க, எத்தனை மாசம் வேணும்னாலும் இருங்க" என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தைக் காந்தம் வைத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள்.

யெல்லெ முதலில் உண்ணி கடிக்கும் என்றான். பிறகு கரடி என்றான்.

"கரடி உன்னைப் பார்த்தா மணி கேட்டுட்டுப் போயிரும்" என்றாள் கார்லீன். "வேற சொல்லு."

அவன் டென்மார்க் என்றான். தட்டையான ஊர், மணல், நல்ல விளையாட்டு மைதானங்கள். எங்கள் ஊரிலிருந்து எங்கள் ஊருக்கே போகிற மாதிரி.

அடுத்த வாரம் அவன் என்னைத் தேடிக் கிளினிக்குக்கு வந்தான். நான் எங்கள் வட்டார டாக்டரிடம் உதவியாளர். தொலைபேசி எடுப்பது, நேரம் கொடுப்பது, காதைக் கழுவுவது எல்லாம் நான்தான். ஊரில் பாதிப் பேருக்கு டாக்டர் சொன்னதும் இந்த ஹில்லி சொன்னதும் ஒன்றுதான்.

"அக்கா, ஃபென்னாவோட காதுக்கு மலை உயரம் ஆகாதுன்னு நீ சொன்னா கார்லீன் நம்புவா."

குளிர்காலத்தில் ஃபென்னாவுக்கு மாறி மாறிக் காதில் சீழ் கட்டி, இரண்டு காதுக்குள்ளும் பொடிக் குழாய் வைத்திருந்தார்கள்.

"குழாய் வச்ச காதுடா அது. காத்து உள்ள வெளிய போய் வரும், உயரம் ஒண்ணும் பண்ணாது. நம்மளவிட அவளுக்குத்தான் சௌகரியம்."

"உனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதுல்ல?"

"பயமா இருக்குன்னு பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிருவே?"

"சொன்னா என்ன ஆகும்னு நீயா என்னைக் கேக்கற?"

அவன் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு.

அவனுக்கு ஒன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு. ஆஸ்திரியாவில் ஒரு மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. பாதி வழியில் யெல்லெ உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையாலும் புல்லைப் பிடித்துக்கொண்டு, முன்னாலும் போகமாட்டேன், பின்னாலும் வரமாட்டேன் என்று அழுதான். கால்சட்டை நனைந்து வழிந்தது. அப்பா அவனை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் பின்னாலேயே சிரித்துக்கொண்டு வந்தேன். அதோடு விட்டேனா? பள்ளிக்கூடத்தில் சொன்னேன். வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் நடித்தே காட்டினேன், புல்லைப் பிடிக்கிறது, கால் நடுங்குகிறது எல்லாம். பதினொரு வருஷம். அவனுடைய இருபதாவது பிறந்தநாளில் நடித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன், விருந்தாளிகள் எல்லாம் போன பிறகுதான் வந்தான். "இனிமே அந்தக் கதைய எடுத்தீன்னா எனக்கு அக்கா கிடையாது" என்றான். அன்றைக்கு நிறுத்தினேன். கார்லீன் வந்தது அதற்குப் பிறகு. அவளுக்கு எதுவும் தெரியாது.

அவனுக்கு நான் பட்ட கடன் இது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கார்லீனுக்குப் போன் செய்தேன். ஃபென்னா காதுக்கு மலை உயரம் ஆகாது என்று டாக்டர் நினைக்கிறார் என்றேன்.

"சரி அண்ணி. குழந்தையோட காதைவிட மலை முக்கியமா?" என்றாள். அவள் வரைபடத்தை மடிக்கிற சத்தம் போனில் கேட்டது.

மார்ச் பதினாலு என் பிறந்தநாள். எல்லோர் வீட்டிலும் போல எங்கள் வீட்டிலும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தோம். வருகிறவர்கள் முதல் நாற்காலியில் ஆரம்பித்து ஒருவர் விடாமல் கைகுலுக்கி, "உங்க அக்காவுக்குப் பிறந்தநாள், வாழ்த்துகள்", "உங்க பக்கத்து வீட்டம்மாவுக்குப் பிறந்தநாள், வாழ்த்துகள்" என்று சுற்றி முடித்துவிட்டுத்தான் உட்காரலாம். அதன் பிறகு காபி, ஆளுக்கொரு துண்டு ஆப்பிள் கேக். அதன் பிறகு பேச்சு. எங்கள் ஊர்ப் பேச்சு என்றால் இந்த வருஷம் எங்கே போகிறீர்கள் என்பதுதான்.

"டென்மார்க்கா?" என்றார் டௌவெ மாமா. அம்மாவின் தம்பி, நாக்கு நீளம். "நாலு மாசம் லீவு போட்டு டென்மார்க்கா? இங்க இருக்கற அதே புல்லு, அதே மாடு. மாடு கத்தறது மட்டும் புரியாது, அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். கார்லீனும் சிரித்து வைத்தாள்.

"மலைப் பக்கம் போங்கப்பா. ஓகோ..." மாமா யெல்லெயைப் பார்த்துக் கண்ணடித்தார். "நம்ம ஆளுக்கு மலைன்னாலே..."

அவர் முடிப்பதற்குள் நான் பாய்ந்தேன்.

"ஃபென்னா காதுக்காகத்தான் மாமா! டாக்டரே சொல்லிட்டாரு. அவ காதால மலை ஏற முடியாதாம்."

ஃபென்னா சன்னலோரம் சின்ன முக்காலியில் உட்கார்ந்து கேக்கைத் தின்றுகொண்டிருந்தாள். நாலு வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்தேன். அவள் தட்டைக் கீழே வைத்தாள். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். நேரே டௌவெ மாமாவிடம் போய்க் கையை நீட்டினாள்.

"என் காதாலதான் எல்லாரும் மலைக்குப் போக முடியல. மன்னிச்சுக்கோங்க."

மாமா சிரித்தார். அவள் கையைக் குலுக்கிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனாள். பக்கத்து வீட்டு டீனெகெ. "என் காதாலதான்." அடுத்து டீனெகெயின் புருஷன். "என் காதாலதான் எல்லாரும் மலைக்குப் போக முடியல. மன்னிச்சுக்கோங்க." பக்கத்து வீட்டுக்காரர்கள் இந்தப் பயணத்தில் போகப்போவதே இல்லை. அது அவளுக்குப் பொருட்டே இல்லை. வட்டம் என்றால் ஒருவரையும் விடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தானே. நாலாவது நாற்காலியில் சிரிப்பு நின்றுவிட்டது. கார்லீன் அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொள்ளப் பார்த்தாள். "அம்மா, விடு, இன்னும் முடியல" என்று விடுவித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். எனக்குப் பிறகு யெல்லெ.

சின்னக் கை. கேக்கின் சர்க்கரை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பரவாயில்லடா கண்ணு" என்றேன்.

என் பொய்க்காக அந்தக் குழந்தையை நான் மன்னித்தேன். இதைவிடக் கேவலமாக நான் எதையும் செய்ததில்லை.

அவள் அப்பாவிடம் போனாள். "என் காதாலதான்" என்று ஆரம்பித்தாள். யெல்லெ அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கி முட்டி போட்டான்.

"உன் காது நல்லாத்தான் இருக்கு ஃபென்னா. மலைன்னா அப்பாவுக்குத்தான் பயம். சொல்ல வெக்கமா இருந்துச்சு. உன் காது மேல பழியைப் போட்டுட்டேன்."

கார்லீன் புருஷனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப டாக்டர் சொன்னாருன்னீங்களே அண்ணி?"

"அவரை நான் கேக்கவே இல்ல."

அவள் எழுந்து குழந்தைகளுக்குக் கோட்டை மாட்டினாள். வாசலில் நின்று யெல்லெயைப் பார்த்து, "எனக்கும் லைசென்ஸ் இருக்கு. நீ ஓட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?" என்றாள். பெட்டி வைத்த சைக்கிளில் இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனாள். யெல்லெ பின்னால் நடந்து போனான்.

திங்கட்கிழமை டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "எதைச் சொன்னாலும் நம்புவாங்கன்னு தெரிஞ்சுதானே சொன்னே ஹில்லி?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

டென்மார்க் போயிற்று, ஸ்லொவேனியா வந்தது. எங்கள் மாகாணத்தில் ஏறிப் பழக ஒரு மேடு கிடையாது. கார்லீன் கடைத்தெருவில் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சுற்றுப்பாதையில் வேனை ஏற்றி இறக்கிப் பழகினாள். பக்கத்தில் யெல்லெ கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம். டீனெகெதான் சொன்னாள். என்னிடம் சொல்ல வேறு யாரும் இல்லை.

கிளம்புகிற அன்று காலையில் அவர்கள் கூப்பிடாமலே போனேன். வேனுக்குள் இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு, கடலை வெண்ணெய், நாலு மாதத்துக்கான காபித்தூள். கார்லீன் ஓட்டுநர் இருக்கையில். யெல்லெ பின்னால் உட்கார்ந்திருந்தான், நடுவில் தைஸ், இந்தப் பக்கச் சன்னலில் ஃபென்னா. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஃபென்னா, என்னை மன்னிச்சுக்கோ. உன் காதுல ஒண்ணும் இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும்."

அவள் யோசித்தாள். "அத்தை, உனக்கும் மலைன்னா பயமா?"

பொய் சொல்ல வேறு காரணம் இருக்கும் என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும், முடிந்துவிடும்.

"இல்லம்மா. அப்பா சின்னப் பையனா இருக்கும்போது மலையில பயந்து அழுதாரு. நான் சிரிச்சேன். ரொம்ப வருஷம் எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். அதனாலதான் அப்பாவால உங்ககிட்ட சொல்ல முடியல."

"சிரிக்கக் கூடாது."

"கூடாதுதான்."

அவள் சன்னல் வழியே கையை நீட்டினாள். நான் குலுக்கினேன். ஆயிற்று என்று ஒதுங்கப் போனேன்.

"அத்தை, இன்னும் முடியல" என்று மறுபக்கச் சன்னலைக் காட்டினாள். "அப்பா இருக்காருல்ல?"

கார்லீன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் இன்ஜினை அணைத்தாள். நான் வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனேன். யெல்லெ சன்னலை இறக்கி வைத்திருந்தான்.