ஐரோப்பாவுக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

நான் முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். தலைகீழாகச் சுற்றும் வண்டியிலிருந்து ஆள் ஏன் கீழே விழுவதில்லை என்பதை வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு நிரூபித்திருக்கிறேன். வாளியில் தண்ணீர் ஊற்றிக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிக் காட்டுவேன். ஒரு சொட்டுச் சிந்தாது. ஆனால் வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏணியில் ஏறச் சொன்னால் மூன்றாவது படியிலேயே எனக்கு முழங்கால் ஆட ஆரம்பித்துவிடும். தொட்டியைப் பார்ப்பது என் மனைவிதான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று ஏறிப்போய், உச்சியில் நின்று, "பாதித் தண்ணி கெடக்கு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லுவாள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் செய்த காரியத்துக்கு இந்தப் பயத்தைத் தவிர வேறு காரணம் கிடையாது. போகப் போக நான் என்ன நியாயம் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

மகனும் மருமகளும் ஜெர்மனியில் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ரோலர் கோஸ்டர் பைத்தியம். லீவு வந்தால் முதலில் எந்த தீம் பார்க் என்று முடிவு செய்வார்கள். அதற்குப் பிறகுதான் எந்த ஊர், எந்த ரயில், எந்த ஓட்டல் என்பதெல்லாம். எனக்கு இது கிறுக்குத்தனமாகப் பட்டது. மனைவியிடம் சொன்னேன். "நாம திருச்செந்தூருக்குப் போறோம்னு முடிவு பண்ணிட்டு அப்புறந்தான பஸ்ஸப் பாக்கோம்? அதே கததான்" என்று முடித்துவிட்டாள்.

ஒரு கோடையில் எங்களையும் அழைத்தார்கள். வீடியோவில் மருமகள் கேட்டாள்: "அத்தை, நாலு நாள் ஒதுக்கி வச்சிருக்கோம். ஒரே ஒரு பார்க். எதுன்னு நீங்களும் மாமாவும் சொல்லுங்க."

என் மனைவியின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். எங்கள் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வரும் ராட்டினத்தில் கல்யாணத்துக்கு முன்பு ஒரு வருஷம்கூட விடாமல் ஏறியவள் அவள். கல்யாணமான வருஷம் நான் தடுத்துவிட்டேன். "வாத்தியார் பொண்டாட்டி ராட்டினத்துல ஏறிக் கத்தினா பிள்ளைகள் என்ன நினைக்கும்?" என்று கேட்டேன். பக்கத்தில் நான் உட்கார வேண்டியிருக்குமே என்பதுதான் உண்மையான காரணம். அன்றைக்கு விட்டவள் பிறகு கேட்கவே இல்லை. இப்போது அறுபத்தாறாவது வயதில், மருமகள் வாயால் வரம் கிடைத்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு தடவ, இருக்கதுலயே பெருசா ஒண்ணுல ஏறி எறங்கணும் மக்கா. நானும் ஒங்க மாமாவும் பக்கத்துல பக்கத்துல."

எனக்கு அங்கேயே வியர்த்துவிட்டது.

மறுநாள் ஒரு நீள நோட்டு வாங்கினேன். அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது, முறையாக ஒப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். ஒப்பிட ஆரம்பித்தால் லீவே முடிந்துபோகும் என்பது என் கணக்கு. பாரிஸ் பக்கத்தில் கோட்டை வைத்த பார்க், ஜெர்மனியின் தென்கோடியில் ஒரு பார்க், கோபன்ஹேகனில் நகரத்துக்கு நடுவே இருக்கும் பழைய தோட்டம், ஸ்பெயினில் கடலோரம் ஒன்று, ஹாலந்தில் காட்டுக்குள்ளே கதைப் பொம்மைகள் வைத்த ஒன்று. பெயர்கள் எதுவும் என் நாக்கில் நிற்காது, எழுதவும் இல்லை. கட்டம் போட்டு, நிழல் எப்படி, வரிசை எவ்வளவு, கழிப்பறை எத்தனை தூரம், சைவம் கிடைக்குமா, உட்கார பெஞ்சு உண்டா என்று நிரப்பினேன். சைவத்துக்கு எல்லா நாட்டிலும் ஒரே பதில்தான்: வறுத்த உருளைக்கிழங்கு.

அவள் ஒப்பிட்ட விதமே வேறு. போனில் ஒவ்வொரு பார்க்கின் வீடியோவையும் போட்டு, ஏறி இறங்கும் ஆட்களின் முகத்தைப் பார்த்தாள்.

"பாரிஸு வேண்டாம். எறங்கி வாரவன்லாம் போட்டோ எடுக்கதுலயே குறியா இருக்கான். ஸ்பெயின்காரி நல்லாத்தான் கத்துதா, ஆனா வெயிலு நம்மூர் வெயிலா இருக்கு. ஜெர்மனிதான் சரி. ஒருத்தி எறங்கி வந்து பொத்துனு தரையில உக்காந்துட்டா பாத்தியளா? அதுல்லா ராட்டினம்!"

"அங்க பெஞ்சு கம்மி" என்றேன்.

"நான் என்ன உக்காரவா போறேன்?"

"அந்த வண்டி எழுபது மீட்டர் ஒசரம்ட்டி. நம்ம கோயில் கோபுரத்த மாதிரி ரெண்டு வச்சாக்கூட எட்டுமான்னு தெரியல."

"அப்பம் நம்மூரு கோபுரத்தவிட மேல இருந்து பாக்கலாம்" என்றாள், கண்ணெல்லாம் சிரிப்பாக.

நான் ஹாலந்தைத் தாங்கிப் பிடித்தேன். பேசும் மரம் உண்டு, படகில் உட்கார்ந்தபடியே ஒரு முழு ஊரைச் சுற்றலாம், காகிதத்தை வாயில் போட்டால் நன்றி சொல்லும் குப்பைத்தொட்டி உண்டு என்றெல்லாம் சொன்னேன். அங்கேயும் நேராகக் கிணற்றுக்குள் விழுகிற மாதிரி ஒரு ரோலர் கோஸ்டர் இருந்தது. அதை நோட்டில் எழுதவில்லை.

"குப்பத்தொட்டி நன்றி சொல்லுததக் கேக்கவா விசா எடுத்து அவ்வளவு தூரம் போகணும்?" என்றாள்.

மூன்று வாரம் இழுத்தது. மகன் பொறுமை இழந்தான். "அப்பா, டிக்கெட் போடணும்ப்பா. ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க." அப்போதுதான் அவள் சொன்னாள்: "பூக்கட்டிப் பாத்துருவோம். அம்பா எதச் சொல்லுதாளோ அது."

எங்கள் பக்கத்தில் ஒரு முடிவுக்கு வர முடியாவிட்டால் இப்படிச் செய்வதுண்டு. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் இலையில் மடித்துக் கட்டி அம்பாள் சந்நிதியில் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். கல்யாணம், வீடு, ஆபரேஷன் எல்லாம் அப்படி முடிவாகியிருக்கிறது. ஐரோப்பா முடிவானதாக நான் கேள்விப்பட்டதில்லை. வெள்ளை என்றால் ஹாலந்து, சிவப்பு என்றால் ஜெர்மனி என்று பேசிக்கொண்டோம்.

"பொட்டலத்த நீங்களே கட்டுங்க" என்றாள்.

"நானா? எனக்குத்தான் இதுல நம்பிக்கை கிடையாதே."

"அதுக்குத்தான் சொல்லுதேன். நம்பிக்க உள்ள ஆளு கட்டினா, அம்பா எனக்குச் சாதகமா சொல்லணும்னு ஏதாவது கோல்மால் பண்ணத் தோணும். ஒங்களுக்கு அது வெறும் பூதான."

அந்த நியாயத்தில் எனக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை. ஓட்டை நான்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் ஒரு கை நந்தியாவட்டையும் ஒரு கை செவ்வரளியும் வாங்கினேன். அவள் செருப்பை விட்டுவிட்டு வருவதற்குள் ஒரு தூண் மறைவில் நின்று கட்டினேன். முதல் பொட்டலத்தில் நந்தியாவட்டை. இரண்டாவது பொட்டலத்துக்குச் செவ்வரளியைக் கையில் எடுத்தேன். எழுபது மீட்டர் ஞாபகம் வந்தது. அரளியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு இன்னொரு நந்தியாவட்டையை வைத்து மடித்தேன். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. ஏணியில் நடுங்குகிற உடம்பு கோயிலில் நடுங்காமல் இருந்தது எனக்கே ஆச்சரியம்.

அவள் வெகுநேரம் கும்பிட்டாள். உதடு அசைந்தது. ஜெர்மனிக்குச் சிபாரிசு நடக்கிறது என்று புரிந்தது. பிறகு இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள். பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொண்டையில் வைத்துக்கொண்டாள். "இதையும் பிரிச்சுப் பாப்பமா?" என்று மற்றப் பொட்டலத்துக்குக் கையை நீட்டினாள்.

"சாமி சொன்ன பிறகு சந்தேகப்படலாமா?" என்றேன். முப்பத்து நாலு வருஷம் அறிவியல் மன்றம் நடத்திய நான் சொன்னது இது.

சடக்கென்று கையை இழுத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஹாலந்து போனோம். மரங்கள் வானத்தை மறைத்தன, பெஞ்சுகள் ஏராளம். மரம் பேசியது, தொட்டி நன்றி சொன்னது. நான் படகில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ஐரோப்பாவைப் பாராட்டினேன். மத்தியானம் ஒரு திருப்பத்தில் நான் நோட்டில் எழுதாத அந்த வண்டி எதிரே நின்றது. மேலே போய், ஒரு நொடி தொங்கி, நேரே புகைக்குள் விழுந்து மறைந்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அத்தை, வாங்க ஏறுவோம்! நான் பக்கத்துல உக்காருதேன்" என்று மருமகள் கையைப் பிடித்தாள். வயதுக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. ரத்த அழுத்தம் ஊரிலேயே பார்த்துச் சரியாக இருந்தது. வரிசையும் குறைவு.

என் மனைவி கையை விடுவித்துக்கொண்டாள். "வேண்டாம்ட்டி. அம்பா வெள்ளப் பூவக் குடுத்து வேண்டாம்னு சொல்லிட்டா. ஜெர்மனி வேண்டாம்னா இதுவும் வேண்டாம்னுதான அர்த்தம்? எனக்கு ஏதோ ஆகும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

நான் ஒரு பார்க்கைத்தான் தள்ளிவிட்டதாக நினைத்திருந்தேன். அவளோ உலகத்தில் உள்ள எல்லா ரோலர் கோஸ்டரையும் கையிலிருந்து விட்டுவிட்டாள். நான் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும், ஏறியிருப்பாள். மகன் எதிரே நின்றான், மருமகள் எதிரே நின்றாள். வாத்தியாரின் மரியாதை வாயை அடைத்தது. அவர்கள் இருவரும் ஏறப் போனார்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்து அவர்களுடைய பைகளையும் மூக்குக்கண்ணாடிகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு முறை வண்டி விழும்போதும் மடியில் இருந்த கண்ணாடியை இறுக்கிப் பிடித்தாள். அந்தக் கை இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது.

ஊருக்குத் திரும்பியதும், "நல்ல வேள, தடுத்தியே தாயி" என்று வெள்ளிக்கிழமைதோறும் போய் விளக்குப் போட ஆரம்பித்தாள். நாலு வெள்ளிக்கிழமை பொறுத்தேன். நாலாவது விளக்குக்கு மறுநாள் காலையில் அவள் தண்ணீர்த் தொட்டியின் மேல் நிற்கும்போது, இறங்கி வருவதற்குக் கொஞ்ச நேரமாவது ஆகும் என்ற தைரியத்தில், ஏணியடியில் நின்று சொன்னேன்.

"ஏட்டி, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூதான் வச்சேன்."

"என்னது? சத்தமாச் சொல்லுங்க, கேக்கல."

"ரெண்டுலயும் வெள்ளப் பூ! நாந்தான் வச்சேன்! எனக்குப் பயமா இருந்துச்சு!"

அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. மேலே தொட்டியின் மூடியை அவள் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் நிதானமாக வந்தது: "எந்தக் கையால கட்டினிய?"

"ரெண்டு கையாலயும்."

இறங்கி வந்தாள். சமைத்தாள், பரிமாறினாள், மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து சொன்னாள்: "எம்மேல தப்பில்லன்னு அம்பாட்ட சொல்லிட்டு வந்துட்டேன். ஒங்க தப்ப நீங்க போயி சொல்லுங்க. நான் தூது போக மாட்டேன்." போனேன். நான் நம்பாத ஒரு சாமியிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில், "அவளுக்குச் செய்ததுதான் பெரிய தப்பு" என்று மட்டும் மனதுக்குள் சொல்லிவிட்டு வந்தேன். அது யாருக்குச் சொன்னது என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.

அதற்குள் அவள் மருமகளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். மகன் வீடியோவில் வந்து என்னை வெகுநேரம் பார்த்தான். "ஏம்ப்பா, பிட் அடிச்ச பயலுவள ஸ்கூல்ல என்ன பண்ணுவிய?" என்று கேட்டான். மருமகள் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த கோடைக்கு ஜெர்மன் பார்க் என்று முடிவானது. யாரும் பூக் கட்டவில்லை. என்னிடம் கேட்கவும் இல்லை.

அங்கே போனதும் நானாகவே, "நானும் ஏறுதேன், பக்கத்துல உக்காருதேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்; முழங்கால் மட்டும் வேறு அபிப்பிராயம் வைத்திருந்தது.

"வேண்டாம்" என்றாள். "நான் நிம்மதியாக் கத்தணும். நீங்க பக்கத்துல இருந்தா ஒங்களப் பாத்துக்கிடுததுக்கே எனக்குச் சரியாப் போயிரும்."

மருமகளின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, வரிசையில் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் கீழே அண்ணாந்து நின்றேன். வண்டி சரிவில் விழுந்தபோது வந்த கூச்சலில் எது அவளுடையது என்று பிரித்தறிய முயன்றேன். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தும் அவள் கத்துகிற சத்தம் எனக்குத் தெரியாது. இறங்கி வந்தபோது முகமெல்லாம் சிவந்து, கண்ணில் நீர் வழிய, மருமகளின் தோளைப் பிடித்து உலுக்கி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். என் பக்கத்தில் வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"எப்படிட்டி இருந்துச்சு?" என்றேன்.

"இருந்துச்சு" என்றாள். திரும்பவும் வரிசையில் போய் நின்றாள்.

அதுதான் எனக்குக் கொடுத்த தண்டனை. மேலே என்ன பார்த்தாள், எப்படி இருந்தது என்பதை எங்கள் தெருவில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள். பால் ஊற்றுகிறவளுக்குச் சொல்லியிருக்கிறாள், கேஸ் கொண்டுவருகிறவருக்கும் சொல்லியிருக்கிறாள். நான் வாசலுக்கு வந்தால் பேச்சு முருங்கைக்காய்க்கு மாறிவிடும்.

போன வாரம் அடுத்த வீட்டு அம்மா என்னை நிறுத்தினாள். "அண்ணாச்சி, அந்த உச்சியில வண்டி ஒரு நிமிஷம் நிக்குமாம்லா, அப்பம் தூரத்துல மலையெல்லாம் நீலமாத் தெரிஞ்சிச்சாம்லா? கேக்கவே எனக்குப் புல்லரிக்கி. ஒங்ககிட்டயும் சொல்லியிருப்பாளே?"

"சொன்னா, சொன்னா" என்றேன்.

அதுவும் பொய்தான்.