ஈரப்பந்தி

தென்காசிக்காரர்களுக்கென்று ஓர் இணையக் குழு இருக்கிறது. தினமும் காலை ஏழு மணிக்கு அதில் ஒரு கேள்வி விழும். மாமியார் முன்னால் மருமகன் லுங்கி கட்டலாமா? அருவியில் ஷாம்பு போடுகிறவனை என்ன செய்யலாம்? கல்யாண வீட்டில் சாப்பிடுகிறவனின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று இடம் பிடிப்பது நாகரிகமா? ஐந்து நிமிடத்துக்குள் ஊரே வந்து இறங்கிவிடும். துபாயில் இருக்கிறவன் முதலில் வருவான். அவனுக்கு ஊர்ப்பாசம் அதிகம், வேலை கம்மி. பிறகு ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் ரோஜாப்பூப் படத்தோடு வருவார். அதற்குப் பிறகு நான்.

எம்.ஏ. முடித்துவிட்டு, போட்டித் தேர்வு எழுதுகிறேன் என்ற பெயரில் வீட்டில் இருந்த காலம் அது. குழுவில் எனக்கு ஒரு கிராக்கி இருந்தது. கேள்வி விழுந்து அரைமணி நேரம் நான் வராவிட்டால், "தம்பி எங்கலே, தூங்குதானா?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே சில நாள் வேண்டுமென்று தாமதித்திருக்கிறேன். ரோஜாப்பூப் பெரியவர் ஒருநாள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று நீளமாக எழுதினார். அதிலிருந்த பதினான்கு எழுத்துப் பிழைகளையும் வரிசைபோட்டு, "பொறுமையாகத் திருத்தியிருக்கிறேன் ஐயா" என்று பதில் போட்டேன். அன்று மாலையே அவர் குழுவை விட்டுப் போய்விட்டார். ஒருவர் வெளியேறினால் எனக்கு அது ஒரு விக்கெட்.

என் கருத்துகள் எப்போதும் முற்போக்கானவை. அதில் சந்தேகம் வேண்டாம். "சம்பளம் இல்லாத வேலைக்காரிக்கு நாம் வைத்த பெயர் மருமகள்" என்று ஒருமுறை எழுதினேன். அதை ஸ்டேட்டஸாக வைக்காத பெண்கள் ஊரில் குறைவு. மறுநாள் காலை தோசை வைத்துக்கொண்டே மதினி சொன்னாள், "தம்பி, நேத்து எழுதுனது நல்லாருந்துச்சு."

எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை மதினி என்போம். அவள் பண்பொழிக்காரி. கல்யாணமாகி வந்து மூன்று வருடம். பி.எட். முடித்தவள். குழுவில் அவளும் இருக்கிறாள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். "தேங்க்ஸ் மதினி. இன்னும் ரெண்டு போடுங்க" என்றேன். தோசையைத்தான் சொன்னேன்.

ஜூன் பிறந்து சாரல் ஆரம்பித்த முதல் சனிக்கிழமை. குழுவில் ஒரு பெண் பெயரை மறைத்து எழுதியிருந்தாள். அப்படி ஒரு வசதி அதில் உண்டு. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் வட்டம் மட்டும் தெரியும்.

"குத்தாலத்துக்குப் பக்கத்துல வீடு. சீசனுக்கு வீட்டுக்காரர் வழி சொந்தக்காரங்க பதினோரு பேர் வாராங்க. மூணு மாசமும் மாறி மாறி யாராவது இருப்பாங்க. எனக்கு ஒரு ஸ்கூல்ல டீச்சர் வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை சேரணும். சீசன் முடிஞ்சு போகச் சொல்றாங்க. அதுவரை இடம் இருக்காது. நான் போகலாமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, வீட்டில் காட்டணும்."

எங்கள் வீட்டுக் கதை என்று எனக்கு உறைக்கவில்லை. மேலகரத்திலிருந்து செங்கோட்டை வரைக்கும் பாதி வீட்டில் இதுதான் நடக்கும். அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும், வருடம் முழுக்கப் பேசாத சித்தப்பாவுக்குக்கூட நம் நம்பர் ஞாபகம் வந்துவிடும். மதினி சித்திரையில் ஏதோ இன்டர்வியூவுக்குப் போய்வந்தது தெரியும். வேலை கிடைத்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் எழுபது எண்பது பேர் பதில் எழுதிவிட்டார்கள். எல்லாம் ஒரே பாட்டு. போங்க அக்கா, தைரியமாப் போங்க, உங்க வாழ்க்கை உங்க கையில. துபாய்க்காரன் கைதட்டும் படமாகப் போட்டுத் தள்ளியிருந்தான். எண்பத்தோராவது ஆளாக நானும் போய் "போங்க அக்கா" என்று சொல்லவேண்டுமா? யார் கவனிப்பார்கள்? மாடியில் ஈரத்துண்டுகளுக்கு நடுவே நின்று இப்படி எழுதினேன்:

"மழையைக் கேட்டுச் சாரல் வருவதில்லை, மனசைக் கேட்டு உறவு வருவதில்லை. எல்லாம் இருக்கட்டும். பதினோரு பேருக்குச் சோறு போடுவதற்கே மூச்சு வாங்குகிறவர், நாற்பது பிள்ளைகளை எப்படிக் கட்டி மேய்ப்பார்? அந்தப் பள்ளிக்கூடத்தை நினைத்துத்தான் எனக்குக் கவலை."

முதல் இரண்டு வாக்கியத்துக்கு அர்த்தம் கிடையாது. மூன்றாவதுதான் வேலை செய்தது. சிரிப்புப் படங்கள் கொட்டின. "தம்பி பாயின்ட்ட புடிச்சுட்டான்", "அதான, கேக்கணும்லா" என்று எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர், பத்து நிமிடத்துக்கு முன்னால் "போங்க அக்கா" சொன்னவர்கள். ஒரு ஊரையே ஒரு வரியில் திருப்பிவிட்டேன் என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போய் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

அங்கே இருக்கும்போதுதான் சாம்பல் வட்டம் பதில் சொன்னது.

"வேலைக்குப் பயந்து கேக்கல தம்பி. காலையில அஞ்சு மணிக்கு எல்லாரும் அருவிக்குப் போவாங்க. ஏழு மணிக்கு ஈரப்பந்தி. அது முடிஞ்சு தரையத் துடைச்சு, பிந்தி எந்திரிச்சவங்களுக்கு அடுத்த பந்தி வைக்க ஒம்பது ஆயிரும். ஸ்கூல் எட்டரைக்கு. ஈரப்பந்திய மட்டும் வேற யாராவது பாத்துக்கிட்டா நான் போயிருவேன். அதத்தான் கேட்டேன்."

கீழே ஒருத்தன் கேட்டிருந்தான், "ஈரப்பந்தின்னா என்னது?"

எனக்கு யாரும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. அருவியில் குளித்தால் பசி பேயாகப் பிடிக்கும். தலை துவட்டக்கூடப் பொறுக்காமல், இடுப்பில் ஈரத்துண்டோடு வந்து வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். முடியிலிருந்து சொட்டும் தண்ணீர் இலையில் விழும், சாம்பாரில் விழும், தரையில் குளமாக நிற்கும். அந்தப் பந்திக்கு என் அம்மா வைத்த பெயர் அது. தென்காசியில் மற்ற எந்த வீட்டிலும் அப்படி ஒரு சொல் கிடையாது. மூன்று வருடமாகக் கேட்டுக் கேட்டு, அது ஊர்ச்சொல் என்று மதினி நினைத்துவிட்டாள்.

போட்டதை அழித்திருக்கலாம். ஒரு பொத்தான்தான். அழித்தால் ஏன் அழித்தான் என்று தோண்டுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த நேரத்தில் இன்னொரு நல்ல வரி வந்துவிட்டது, அதுதான் விஷயம்.

"ஈரப்பந்தி! என்ன அழகான சொல்! இப்படிப் பெயர் வைக்கத் தெரிந்த வீட்டில் அன்புக்கு என்ன பஞ்சம்? தரையை நன்றாகத் துடைத்துவிட்டு, செப்டம்பரில் போய்ச் சேருங்கள் அக்கா."

முதல் வரியைவிட இது நன்றாக ஓடியது. சாயந்தரத்துக்குள் ஆளாளுக்கு ஈரப்பந்தி ஜோக் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். சாம்பல் வட்டம் அதற்கப்புறம் பேசவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணனுக்குச் செல்போன் கடை, அன்றைக்கு மட்டும் மெதுவாகப் போவான். நானும் அவனும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அம்மா ஓரமாக உட்கார்ந்து சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், மறுநாள் வரும் பதினோரு பேருக்கான அரிசி. மதினி அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணன் போனைப் பார்த்துச் சிரித்தான். "ஏலே, இது நீ எழுதுனதா? கடைக்கு வாறவன்லாம் உன் தம்பி கலக்கிட்டாம்ங்கான். அம்மா, இதக் கேளு." மேலே இருந்த கேள்வியை விட்டுவிட்டு, பதினோரு பேர், நாற்பது பிள்ளைகள் வரியை மட்டும் சத்தமாக வாசித்தான்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாருலே அந்தக் கோட்டிக்காரி? வீட்டுச் சங்கதியக் கொண்டுபோயி ஊருக்குள்ள போட்டுருக்கா!"

"தெரியல. பேரு மறைச்சிருக்கா. இரு, அவ என்னவோ பதில் சொல்லிருக்கா." அவன் வாசித்துக்கொண்டே வந்தான். அஞ்சு மணிக்கு அருவி. ஏழு மணிக்கு...

அங்கே நின்றான். அந்தச் சொல்லைச் சத்தமாக வாசிக்கவில்லை. போனை அம்மா பக்கம் நீட்டினான். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் பார்த்தாள். பிறகு சுளகைக் கீழே வைத்தாள்.

"ஏட்டி, இங்கன வா."

மதினி தோசைக்கரண்டியோடு வந்து நின்றாள். யாரும் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள், "நான்தான் எழுதுனேன்."

"ஈரத்துண்டோட வந்து உக்காருதவன் எங்கூடப் பொறந்தவன்ட்டி. அவன் சாப்புடுதத ஊரு சிரிக்கணுமோ?"

"சிரிக்கணும்னு எழுதல அத்தை. நாலு பேரு போகச் சொன்னா இவங்ககிட்டக் காட்டலாம்னு நெனச்சேன்." அண்ணனைக் காட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நாலு பேரு கூட வேண்டாம். தம்பி ஒரு வார்த்த சொன்னாப் போதும்னுதான் அங்க போட்டேன். தம்பி பொம்பளைங்களப் பத்தி நல்லா எழுதுவாங்கல்லா. வீட்டுக்குள்ள கேட்டா அம்மாவுக்குப் பயந்துட்டு ஒண்ணும் சொல்லமாட்டாங்க, அங்கன்னா நெசத்தச் சொல்லுவாங்கன்னு பாத்தேன்."

தோசை கருகும் வாடை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

அண்ணன் கெட்டவன் கிடையாது. ஒரு முடிவு எடுக்கவேண்டியிருந்தால் அடுத்தவன் முகத்தைப் பார்ப்பான், அவ்வளவுதான். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்தான். "சொல்லுலே. வெளையாட்டுக்கு எழுதுனியா, நெசமாவே அப்படி நெனைக்கியா? நீ படிச்சவன். நீ சொல்லு. போகலாம்னா நாளைக்கு நானே பைக்ல கொண்டுபோயி விடுதேன். மாமாவ ஒரு வாரம் ஓட்டல்ல சாப்புடச் சொல்லுவோம்."

அம்மாவும் என்னைத்தான் பார்த்தாள். விளையாட்டுக்கு என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் நான் யார்? எழுதுவதெல்லாம் சும்மா, எந்தப் பக்கம் கைதட்டு கேட்கிறதோ அந்தப் பக்கம் சாய்கிறவன் என்று மூன்று பேர் முன்னால் ஒப்புக்கொள்ளவேண்டும். அதில் ஒருத்தி என்னை நம்பி எழுதியவள்.

"பொதுவாச் சொன்னதுதான்" என்றேன். "ஆனா கருத்து கருத்துதான். ஆளப் பாத்து மாத்த முடியாதுல்லா."

சொல்லும்போது குரல் எனக்கே பிடித்திருந்தது.

"அப்பச் சரி" என்றான் அண்ணன். நிம்மதியாகச் சட்னியைத் தொட்டான். "அவனே சொல்லிட்டான். செப்டம்பர்ல வேற ஸ்கூல் பாப்போம்."

"பெறகென்ன, போயித் தோசையப் பாரு" என்று அம்மா சுளகை எடுத்துக்கொண்டாள்.

மதினி போய்க் கருகிய தோசையைச் சுரண்டினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், ஏதாவது ஆறுதல் சொல்லி நல்லவனாகியிருப்பேன். அடுத்த தோசை முறுவலாக வந்தது. அதை எனக்குத்தான் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என் அறைக்கு வந்தாள். அவள் அந்த அறைக்குள் வந்ததே கிடையாது. வாசலில் நின்றுகொண்டு போனை நீட்டினாள்.

"ஸ்கூல் மேடத்துக்கு மெசேஜ் போடணும், வரலைன்னு. தம்பிதான் நல்லா எழுதுவீங்க. எழுதிக் குடுங்க."

"நீங்களே போடுங்க மதினி. ரெண்டு வரிதான."

"எனக்கு எழுத்துப் பிழை வரும். பெறகு யாராவது எண்ணிச் சொல்லுவாங்க."

வாங்கிக்கொண்டேன். "மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு" என்று ஆரம்பித்தேன். தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை என்று எழுதினேன். அந்தப் பணியிடத்தை வேறொரு தகுதியானவருக்கு வழங்கும்படி என்று எழுதி, தகுதியானவருக்கு என்பதை அழித்துவிட்டு, வேறொருவருக்கு என்று மாற்றினேன். முற்றுப்புள்ளி, காற்புள்ளி எல்லாம் சரிபார்த்தேன். நல்ல கடிதம். அவள் ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தாள்.

"தவிர்க்க முடியாத" என்ற சொல்லில் விரல் நின்றது. அதை மட்டும் அழித்தாள். மீதியை அப்படியே அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து பதில் வந்தது. ஒரு கட்டைவிரல் படம்.

"ஒண்ணுதான் வந்திருக்கு" என்று என்னிடம் காட்டினாள். "உங்களுக்குன்னா நூறு வரும்."

கீழேயிருந்து அம்மா கூப்பிட்டாள். மாமாவின் வேன் கடையநல்லூரைத் தாண்டிவிட்டதாம். நேரே ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்களாம். மதினி போனை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள். எனக்கு ஏழு மணிக் கேள்வி இன்னும் பதில் எழுதாமல் கிடந்தது. பெண்கள் பேருந்தின் முன்வாசலில்தான் ஏறவேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். எழுத ஆரம்பித்தேன்.