இரண்டு கொல்லை, ஒரு வகுப்பு

யுத்த காலத்தில் நான் வேலூரில் இன்டர்மீடியட் படித்தேன். எங்கள் ஊரான செஞ்சிக்கு, பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிய கரி பஸ்ஸில் வர ஒரு பகல் போய்விடும். மேட்டில் பஸ் நின்றால் இறங்கித் தள்ள வேண்டும். ஆகையால் ஊருக்குப் போவதென்றால் சில வகுப்புகள் போயின என்று பொருள்.

அந்த வருஷம் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, கால் முறிந்திருந்தது. எங்கள் ஊரில் புன்செய் நிலத்தைக் கொல்லை என்போம், நிலக்கடலையை மல்லாட்டை என்போம். கொல்லையில் மல்லாட்டை அறுவடைக்கு நான் போயே ஆகவேண்டும். ஹாஸ்டலில் என் அறைத்தோழன் அவலூர்பேட்டைக்காரன். அவனுடைய அண்ணன் பட்டாளத்தில் இருந்ததால் அவனுக்கும் அதே நிலைமை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு வேலைக்கு இன்னொரு வீட்டார் வந்து செய்து, பிறகு அதே அளவு வேலையைத் திரும்பப் பெறுவது வழக்கம். அதையே நாங்கள் வகுப்புக்கும் வைத்துக்கொண்டோம். முதலில் நான் அறுவடைக்குப் போவேன், அவன் பாடம் கேட்பான். பிறகு அவன் போவான், நான் கேட்பேன்.

மழையை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. அது முன்னதாகவே பெய்துவிட்டது. முற்றின மல்லாட்டை ஈரத்தில் கிடந்தால் முளைத்துப்போகும். இரண்டு வீட்டிலிருந்தும் ஒரே சமயத்தில் ஆள் வந்தது. செலக்‌ஷன் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் தேறாதவர்களைப் பெரிய பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்கள்.

"நீ போ, நான் இருக்கறன்" என்றேன்.

"உங்க நைனா கால்ல கட்டோட கெடக்கறாரு. நீ இருந்து இன்னா பண்ணப்போற? கெளம்பு."

"உன் கொல்ல?"

"எங்கம்மா பாத்துக்கும். ரெண்டு பேரும் போயிட்டா பாடம் யாருடா கேக்கறது?"

ராஜகிரி மலை தெரியும் எங்கள் கொல்லையில் செடி பிடுங்கிக்கொண்டே அம்மாவிடம் இதைச் சொன்னேன். எங்கள் வேலை முடிந்ததும் அம்மா, காய் பறித்த பெண்களிடம், "அவலூர்பேட்டைக்கு வண்டி கட்டணும், வர்றீங்களா?" என்று கேட்டார்.

"ஒரு புள்ள படிக்க ரெண்டு ஊரு மல்லாட்ட புடுங்கணுமாக்கா?" என்றாள் ஒருத்தி.

"ஒண்ணு இல்லடி, ரெண்டு புள்ள."

"அப்ப பாஸு பண்ணா எங்களுக்கும் ஒரு சர்டிபிகேட்டு வாங்கியாரச் சொல்லு."

நானும் போனேன். தோழனின் அம்மா தனியாக நாலைந்து கூலியாட்களோடு திணறிக்கொண்டிருந்தார். வண்டி நிறைய ஆட்கள் இறங்குவதைப் பார்த்தவர், யார் என்னவென்று கேட்பதற்கு முன்பே உலையில் இன்னும் அரிசி போடச் சொன்னார். முளை விடுவதற்குள் அந்தக் கொல்லையும் முடிந்தது.

ஹாஸ்டலுக்கு அவன் கொல்லைக் காயை அவித்து மூட்டை கட்டி எடுத்துப்போனேன். அவன் ஒன்றை உடைத்துப் பருப்பைப் பார்த்தான். "நல்லாத்தான் தெரண்டிருக்குது" என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் பென்சிலைச் சாய்த்து வைத்தான். நான் கேட்காமல் விட்ட பாடங்களில் முதலாவது ஒளி விலகல். அவன் மென்றுகொண்டே சொல்லித் தந்தான். புரியாத இடத்தில் நிறுத்தினால் அலுத்துக்கொள்ளாமல் மறுபடி ஆரம்பித்தான். மூட்டை தீருவதற்குள் பாடங்கள் எல்லாம் முடிந்தன.

பரீட்சையில் ஒளி விலகல் வந்தது. அவன் சொன்ன வரிசையிலேயே எழுதினேன். இருவருமே தேறினோம்.

செய்தியோடு ஊருக்குப் போனபோது அம்மா முதலில் கேட்டது, "அந்தப் புள்ள?" என்றுதான். அவனும் தேறினான் என்று சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு போட எழுந்தார்.