ஆச்சு அக்கா

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஆச்சு அக்கா என்று பேர். யார் எப்போது "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாலும், கேள்வி முடியுமுன்பே "ஆச்சு" என்று பதில் வந்து விழும். மத்தியானம் மற்றவர்கள் டப்பாவைத் திறக்கும்போது அவள் மட்டும் காய்ந்த படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருப்பாள். காலையில் வீட்டிலேயே ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தேன், இப்போது இறங்காது என்பாள். வீட்டுக்குப் போனால் கதை தலைகீழ். வேலை இடத்தில் வயிறு முட்டப் போட்டார்கள், நீங்கள் சாப்பிடுங்கள் என்பாள். இங்கே அதைச் சொல்லி, அங்கே இதைச் சொல்லி, நடுவில் காய்ந்தது அவள் வயிறுதான்.

எப்போதும் இப்படி இருந்தவள் இல்லை. புருஷன் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். அவன் எழுந்து நடமாடிய காலத்தில் அந்த வீட்டில் யாரும் பாதி வயிற்றோடு படுத்ததில்லை. ஒருநாள் சாரம் சரிந்தது, இடுப்பில் அடி. மேஸ்திரி முதல் வாரம் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். அப்புறம் தெருவில் கண்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல மனுஷன், போங்கள்! போதாக்குறைக்கு வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். வாடகை போக, மருந்து போக, மிச்சம் இருந்தால் சோறு. வீட்டுக்காரரிடம் பொறுத்துக்கொள் என்று சொல்ல முடியாது, மருந்துக்கடையில் அப்புறம் தருகிறேன் என்று நிற்க முடியாது. பாழாய்ப்போன வயிறு ஒன்றுதான் சொன்னால் கேட்கும்.

இரண்டு தெரு தள்ளி அண்ணன் இருந்தான். பெரிய வசதி இல்லை, ஆனாலும் கேட்டால் இல்லை என்று சொல்கிற ஆள் இல்லை. அண்ணிக்குத்தான் வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயை நினைத்தாலே அவளுக்குப் பயம். அதைவிடப் பெரிய பயம், பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்பது. பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு நாலு. நம் வீட்டில் சோறு பற்றவில்லை என்பது மட்டும் அதுகளுக்குத் தெரியக் கூடாது. அதில் அவளுக்கு அப்படி ஒரு வைராக்கியம்.

கொஞ்ச நாளாகப் பெரியவள் ராத்திரியில் தட்டைத் தள்ளி வைத்தாள். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் போட்டதையே ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், பசிக்கவில்லை என்றாள். உள்ளதைச் சொன்னால், அதைக் கேட்டு ஆச்சு அக்காவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்தப் பங்கைப் புருஷனுக்கும் சின்னவளுக்கும் பிரித்துப் போட்டாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நோயாளிகளுக்கு ஏது ஞாயிறு? சலவைக்கூடத்தில் அரை நாள் வேலை உண்டு. மத்தியானம் திரும்பி வந்து, பானையில் இருந்ததை மூன்று தட்டில் பிரித்தாள். வழக்கம்போலத் தனக்குத் தட்டு எடுக்கவில்லை. புருஷன் சுவரில் சாய்ந்து சாப்பிட ஆரம்பித்தான். பெரியவள் தன் தட்டைத் தங்கச்சி பக்கம் நகர்த்தினாள்.

"எனக்கு வேணாம்மா. ஸ்கூல்லயே சாப்பிட்டாச்சு."

புருஷன் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைடி" என்றாள் ஆச்சு அக்கா.

பெரியவள் திருதிருவென்று விழித்தாள். "மறந்துட்டேம்மா" என்றாள்.

பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை அந்தப் பிள்ளைக்கு. யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று கேட்கவா வேண்டும்? எத்தனை ராத்திரி இது பசியோடு படுத்ததோ, நாம் பாட்டுக்கு நிம்மதியாகத் தூங்கினோமே என்று ஆச்சு அக்காவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எழுந்து போய் இன்னொரு தட்டை எடுத்து வந்தாள். புருஷன் தன் தட்டிலிருந்து பாதியை அதில் தள்ளினான். அவள் மகளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நானும் சாப்பிடலடி. வேலையில எனக்கு யாரும் சோறு போடுறதில்ல."

"தெரியும்மா."

சின்னவள் பக்கம் போன தட்டை ஆச்சு அக்கா மறுபடி பெரியவள் முன்னால் இழுத்து வைத்தாள்.

"அப்ப நாளைக்கு?" என்றாள் பெரியவள்.

"மாமாகிட்ட கேக்கப் போறேன்."

"அத்தை திட்டுவாங்களே."

"திட்டட்டும். திட்டிக்கிட்டே போடட்டும். நீ சாப்பிடு."