ஐம்பத்திரண்டாவது நிமிடம்

பசறை பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் ‘நிஷா வீடியோ’ நடத்தும் ஜோன்சனுக்கு 2006ஆம் ஆண்டு பிறந்த நாளிலிருந்து ஒரே தலைவலி. தலைவலிக்குப் பெயர் சிவராசா. யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் முப்பத்துநாலு வருஷம் கிளாக்கராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்றும் பதுளையிலேயே வீடு கட்டி உட்கார்ந்துவிட்டார். அவர் மகள் கேசினியின் கல்யாணத்தை ஜோன்சன்தான் எடுத்தான். மாப்பிள்ளை சுபாஸுக்குக் கனடாவில் வேலை. தாலி கட்டிப் பதினாறாம் நாள் விமானம் ஏறிவிட்டான். மனைவியைக் கூப்பிட விசாவுக்கு எழுதிப் போட்டவனிடம், கல்யாணம் உண்மையாக நடந்ததுதான் என்று காட்ட வீடியோவும் வேண்டும் என்றார் அங்குள்ள லோயர். ஜோன்சன் செய்து கொடுத்த டிவிடி கனடாவில் ஓடவில்லை.

ஓடவில்லை என்று மொத்தமாகச் சொல்லவும் முடியாது. தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்கு ஓடியது. மாப்பிள்ளை அழைப்பு ஓடியது. யாருக்கும் தேவையில்லாத, சமையல்காரர் பூசணிக்காய் வெட்டும் காட்சிகூட அழகாக ஓடியது. ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில், ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்து, சுபாஸ் அதைக் கேசினியின் கழுத்துக்குக் கொண்டு போகிற நேரம் பார்த்துப் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. தாலி கட்டாத கல்யாணத்தை எந்த லோயர் ஏற்றுக்கொள்வார்?

“என்ன தம்பி ஜோன்சன், தாலி கட்டேக்க நிண்டு போகுதாம்! என்ன வேலை செய்து தந்திருக்கிறீர்?” என்று போனில் சீறினார் சிவராசா.

“அப்படி இருக்காதுங்க ஐயா. நான் போட்டுப் பாத்துட்டுத்தானே குடுத்தேன். ஒங்க வீட்ல இருக்கிறது ஓடுதா?”

“வீட்டில இருக்கிறது வடிவா ஓடுது. அனுப்பினதுதான் நிக்குது.”

இந்தப் பதில்தான் ஜோன்சனைக் குழப்பிக் குட்டிச்சுவராக்கியது. இரண்டும் ஒரே நாள், ஒரே கம்பியூட்டரில், ஒன்றன்பின் ஒன்றாக எழுதியவை. ஒன்று ஓடி மற்றது நின்றால் அவன் யாரைப் போய்த் திட்டுவான்?

அவன் ஒன்றும் நேற்றுக் கேமரா பிடித்தவன் இல்லை. நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். அப்பா இராயப்பன் தேயிலை பெக்டரியில் இருந்தார். ’93இல் பதுளையில் ஒரு வீடியோக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு வீடியோ டெக்கை ஒயரால் கோர்த்துக் கசட் பிரதி எடுக்கக் கற்றான். பனி மாதங்களில் கசட்டில் பூஞ்சணம் பிடிக்கும். அதையும் துடைத்துத் துடைத்து ஓட வைத்தான். கம்பியூட்டர் வாங்கி டிவிடிக்கு மாறியபோது சொல்லிக் கொடுக்க ஒரு நாதி இல்லை. மணப்பெண் வாயசைத்து மூன்று செக்கன் கழித்துச் சத்தம் வரும். டிவிடி போட்டால் ‘டிஸ்க் இல்லை’ என்று பிளேயர் முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லும். எழுதி முடித்ததும், மற்றப் பிளேயர்கள் படிக்கும்படி டிஸ்கை மூட வேண்டும் என்று ஒரு கட்டளை இருப்பதே தெரியாமல் இருபது டிஸ்கை நாசமாக்கியவன் அவன். எல்லாவற்றையும் கெடுத்துக் கெடுத்தே படித்தான். அப்படிப் படித்தவனுக்கு இந்த ஐம்பத்திரண்டாவது நிமிடம் மட்டும் பிடி கொடுக்கவே இல்லை.

முதலில் டிஸ்கைச் சந்தேகப்பட்டான். மலிவு டிஸ்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, நல்ல டிஸ்க் வாங்கி, ஆகக் குறைந்த வேகத்தில் எழுதினான். வேகமாக எழுதினால் சில பிளேயருக்குப் பிடிபடாது. தபாலில் போனது. மூன்று வாரம் கழித்துச் சேதி வந்தது: நிற்கிறது, அதே இடம்.

அடுத்து, கனடாவில் டீவி முறையே வேறு என்று யாரோ சொல்லக் கேட்டு, முழுப் படத்தையும் அந்த முறைக்கு மாற்றினான். கம்பியூட்டர் ஒன்பது மணித்தியாலம் மாவரைக்கிற மாதிரி அரைத்தது. எட்டாவது மணித்தியாலத்தில் கரண்ட் போனது. ஜோன்சன் கதிரையை எட்டி உதைத்துவிட்டுக் கால் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மறுநாள் திரும்ப அரைத்து அனுப்பினான். சுபாஸ் போனில் பேசியது பதுளைக்கு. பதுளை பேசியது பசறைக்கு. நிற்கிறது.

“ஒருவேள ஸ்டிக்கராலயா இருக்கும்” என்றாள் மனைவி நேசராணி. டிஸ்கின் முகத்தில் ஒட்டும் படம் அவள் கைவேலை. பொண்ணு மாப்பிள்ளை நடுவில், சுற்றி ரோசாப்பூ. ஸ்டிக்கர் ஒரு பக்கம் கனத்தால் டிஸ்க் ஆடும், ஆடினால் நிற்கும் என்பது உண்மைதான். ஸ்டிக்கர் இல்லாமல் ஒன்று கொடுக்கலாமா என்று கேட்டதற்குச் சிவராசா எகிறிக் குதித்தார்.

“படம் இல்லாட்டி உது யாற்றை கலியாணம் எண்டு லோயருக்கு எப்பிடித் தெரியும்? விசர்க் கதை கதையாதையும்!”

ஆகவே ஸ்டிக்கரைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டி, படத்தின் தரத்தைக் கொஞ்சம் குறைத்து, நாலாவது டிஸ்க் போனது. ஆனி மாதம். அதுவும் நின்றது.

இதற்குள் கதை பதுளையிலிருந்து பசறைக்கு பஸ்ஸேறி வந்துவிட்டது. சிவராசா சும்மா இருக்கிற ஆளா? சந்தையில், பென்சன் எடுக்கிற வரிசையில், கோவில் வாசலில், கண்ட கண்ட இடமெல்லாம் சொல்லிவிட்டார். ஜோன்சன் தன் கத்தோலிக்கப் பங்குக் கோயில் திருவிழாவைப் பதினொரு வருஷமாக ஒரு சதம் வாங்காமல் எடுத்துக் கொடுத்தவன். அந்த வருஷம் கோயில் கமிட்டி பதுளையிலிருந்து புஹாரி என்ற வேறொரு வீடியோக்காரரைக் கூப்பிட்டது. “ஒண்ணும் நெனச்சுக்காத ஜோன்சன். ஒன் டிவிடி நடுவுல நிக்குதுன்னு பேச்சா இருக்கு” என்றார் கமிட்டித் தலைவர். தேர் வரும்போது ஜோன்சன் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கூட்டத்தில் நின்றான். கேமரா இல்லாமல் அவன் அந்தத் தேரைப் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்து, “பதிமூணு வருஷமா கட்டின பேரு, ஒரு கெழவன் வாயால போச்சே!” என்று கத்தினான். நேசராணி அழுதாள்.

ஆடிக் கடைசிக்குள் ஓடுகிற டிவிடி வராவிட்டால், மனுவைத் திரும்ப முதலிலிருந்து போட வேண்டும் என்று லோயர் சொல்லிவிட்டார். கேசினியே போன் எடுத்தாள். “அண்ணா, அவர் போய் எட்டு மாசம் ஆகுது. சுபாஸின்ரை அம்மா இப்ப ஒரு மாதிரிக் கதைக்கிறா. இந்தமுறை எப்பிடியாவது சரியாச் செய்து தாங்கோ.” அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்டதும் ஜோன்சனின் கோபம் இன்னும் கூடியது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

அஞ்சாவது டிஸ்கை எழுதி, கடை பிளேயரில் முழுவதும் பார்த்தான். கீழே மருந்துக்கடைக்காரர் பிளேயரில் முழுவதும் பார்த்தான். வீட்டுக்குக் கொண்டு போய் அங்கேயும் முழுவதும் பார்த்தான். மூன்று தடவை சுபாஸ் தாலி கட்டினான். மூன்று தடவையும் முடிச்சு விழுந்தது. “நானே கொண்டு போய், நானே உறையில போட்டு, நானே தபால்ல சேத்துட்டு வாறேன்” என்று சொல்லிவிட்டு பதுளை பஸ்ஸில் ஏறினான்.

சிவராசா டிஸ்கை வாங்கி ஸ்டிக்கரைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். “இரும் தம்பி, தேத்தண்ணி குடியும். ஒரு சின்ன அலுவல், பத்து நிமிசத்தில வாறன்” என்று டிஸ்கோடு வெளியே போனார். கேசினி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பத்து நிமிடம் அரை மணியானது. திரும்பி வந்தவர் டிஸ்கைப் பிளாஸ்டிக் பெட்டியில் பத்திரமாக வைத்து நீட்டினார். கைரேகை எதுவும் பட்டிருக்கிறதா என்று பார்க்க ஜோன்சன் அதைத் திருப்பினான்.

பளபளக்கிற பக்கத்தில், ஓரமாக, ஊதா நிறத்தில் வட்ட முத்திரை. ஆவணங்களுக்கு அத்தாட்சி போடும் சமாதான நீதவானின் முத்திரை! குறுக்கே குமிழ்முனைப் பேனையால் அழுத்தி ஒரு கையெழுத்து. கீழே ‘உண்மைப் பிரதி’ என்று எழுதித் திகதி வேறு.

ஜோன்சன் டிஸ்கை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தான்.

“ஐயா... இது என்னங்க இது?”

“எங்கடை சமாதான நீதவான் வாஹித் மாஸ்டர் அத்தாட்சிப்படுத்தித் தந்தவர். வெளிநாட்டுக்குப் போற ஆவணம் எல்லாம் அத்தாட்சியோடதானே போக வேணும்? பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ் எல்லாம் அப்பிடித்தான் அனுப்பினனான்.”

“முன்னாடி அனுப்பின நாலுலயும்?”

“நாலிலயும்தான். முன்னுக்குப் பொம்பிளைப் பிள்ளையின்ரை முகம் இருக்கு, அதுக்கு மேல எப்பிடிச் சீல் குத்துறது எண்டு மாஸ்டர் யோசிச்சவர். பின்பக்கம் ஒண்டும் இல்லாமல் வெறுமனே வடிவாக் கிடந்தது. மைதான் கெதியில காயாது. வெயில்ல வைச்சுக் காயப்போட்டு எடுக்கிறனாங்கள்.”

“வெயில்லயா! ஐயோ ஆண்டவரே!” ஜோன்சன் தலையில் அடித்துக்கொண்டான். “வெறுமனே இல்லீங்க ஐயா! அந்தப் பக்கத்துலதான் படமே இருக்கு! அதுலதாங்க பிளேயர் படிக்குது! உள்ளேயிருந்து படிச்சுக்கிட்டு வெளிய வரும். ஓரத்துல வந்ததும் ஒங்க சீல் மறிக்குது. அதான் தாலி கட்ட நிக்குது. ஏழு மாசம்! ஏழு மாசம் எவன் எவனயோ திட்டுனேன். கரண்ட்காரனத் திட்டுனேன், டிஸ்க் செஞ்சவனத் திட்டுனேன், எம் பொண்டாட்டியத் திட்டுனேன்!”

சிவராசா நம்பவில்லை. கிளாக்கர் அல்லவா, நிரூபித்துக் காட்டு என்றார். ஜோன்சன் டிஸ்கை அவர் வீட்டுப் பிளேயரிலேயே போட்டு ஓட்டினான். ஐயர் தாலியை எடுத்தார். சுபாஸ் கையை உயர்த்தினான். கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. சிவராசா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். கேசினி தகப்பனைப் பார்த்தாள். அவர் டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜோன்சன் பையிலிருந்து இன்னொரு டிஸ்கை எடுத்தான். நம்பிக்கை இல்லாத காலம், எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாக ஒன்று எழுதிக் கொண்டுவந்திருந்தான். அது கடைசி வரைக்கும் ஓடியது. யாரும் தொடுவதற்குள் அதைப் பெட்டியில் போட்டு, உறையில் வைத்து, பசை தடவி ஒட்டினான்.

அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து போன். சிவராசா எடுத்தார். “ஓம் தம்பி... ஓமோம், இண்டைக்கு அனுப்புறம். இந்த வீடியோக்காரத் தம்பி இப்பதான் பிழையைக் கண்டுபிடிச்சுத் திருத்தித் தந்திருக்கிறார். இனிப் பிரச்சினை இல்லை.”

ஜோன்சன் விருட்டென்று எழுந்தான். திருத்தினானாம்! பிழையாம்! போனைப் பிடுங்கி, சீல் குத்தின கதையை ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்று கையை நீட்டினான். கேசினி குறுக்கே வந்து நின்றாள். சத்தம் வராமல் பேசினாள்.

“அண்ணா, இப்ப வேண்டாம். எங்கடை பக்கத்துப் பிழை எண்டு தெரிஞ்சா மாமி என்னை விடமாட்டா. நான் அங்க போனாப் பிறகு நானே சொல்லுறன். கட்டாயம் சொல்லுறன் அண்ணா.”

அந்தப் பிள்ளை கையைக் கூப்பாத குறை. ஜோன்சன் உறையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். தபாலில் சேர்த்துவிட்டு, பசறை பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, யாரும் கேட்காமலே “சனியன், சனியன்” என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

டிவிடி ஓடியது. கார்த்திகையில் கேசினி கனடா போய்ச் சேர்ந்தாள். கிறிஸ்மஸுக்கு அங்கிருந்து ஜோன்சனுக்கு ஒரு நத்தார் வாழ்த்து வந்தது. வாழ்த்து மட்டும்தான் இருந்தது.

அடுத்த வருஷம் மாசி மாதம், சிவராசா ‘நிஷா வீடியோ’ படியேறி வந்தார். கூடவே அவரோடு வேலை செய்த ஜுனைதீன். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார், வீடியோ பேச வந்திருக்கிறார். சிவராசா கதிரையில் சாய்ந்துகொண்டு அறிமுகம் செய்து வைத்தார்.

“ஜுனைதீன், இவர் முந்திக் கொஞ்சம் பிழை விட்டவர்தான். நான் விடாமல் பின்னால நிண்டு திருத்தினபடியால் இப்ப நல்லாச் செய்வார். பயப்படாமல் குடுக்கலாம்.”

ஜோன்சன் அவர் முகத்தையே பார்த்தான். பொய் சொல்கிற முகம் இல்லை அது. மனுஷன் உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார்! இனி யாருக்காகப் பொறுக்க வேண்டும்? கேசினி போய்ச் சேர்ந்துவிட்டாள். அவன் பொங்கிவிட்டான்.

“பிழை நான் ஒண்ணும் விடலீங்க! ஐயாதான் டிஸ்க்குக்குப் பின்னால சீல் குத்தி, பேனையால கையெழுத்து வாங்கி, வெயில்ல காயவச்சு அனுப்பினாரு. ஒண்ணு ரெண்டு இல்ல, நாலு தடவ. அஞ்சாவத நான் கையும் களவுமாப் பிடிச்சேன். எம் பேரு கெட்டது அதாலதான்!”

ஜுனைதீன் சிவராசாவைப் பார்த்தார். சிவராசா கோபப்படவில்லை. சிரித்தார்.

“பாத்தீரே? இன்னும் பழியை என்னிலதான் போடுறார்.”

ஜுனைதீனும் சிரித்தார். எழுந்து வந்து ஜோன்சனின் தோளில் அன்பாகத் தட்டினார். “உடுங்க தம்பி. பிழ எல்லாருக்கும் வாரதுதானே. இப்ப நல்லாச் செய்றீங்க எண்டு சொல்றாரே, அது போதும். மே மாசம் ஆறாந் தேதி. ஞாயிற்றுக்கிழம. எழுதிக்கோங்க.”

ஜோன்சன், மூலையில் ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டிருந்த நேசராணியைத் திரும்பிப் பார்த்தான். அவள் கலண்டரை எடுத்து நீட்டினாள். அவன் மே மாதத்துக்குப் புரட்டி, ஆறாம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டான்.