மூன்று பேருக்கு ஒரு லேப்டாப்

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் மூக்குடைபட்டு வந்தேன். அதுவும் நல்ல காரியம் செய்யப் போய்!

அரிமளம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே வேலை பார்க்கும் டீச்சருக்கு வம்பாகிவிடும். நான் படித்த பள்ளி அது. என்னோடு படித்தவர்கள் எல்லாம் இப்போது சென்னை, சிங்கப்பூர் என்று செட்டிலாகிவிட்டார்கள். திடீரென்று ஒருநாள் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பள்ளிப் பாசம் பொங்கியது. ‘பிள்ளைங்களுக்கு ஆளுக்கொரு லேப்டாப் வாங்கிக் குடுப்போம். நீதான் திருச்சியில இருக்கே... போய் எத்தனை வேணும்னு பாத்துட்டு வா.’

கிளம்பிவிட்டேன். மாலை, மேடை, பொன்னாடை எல்லாம் மனசுக்குள் வந்து போனது. பொய் சொல்வானேன்!

எட்டாம் வகுப்பு வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டேன். வகுப்பறையா, சந்தைக்கடையா? முப்பது சொச்சம் பிள்ளைகள். பதினோரு லேப்டாப். ஒன்றுக்கு மூன்று பேர். ஒரு பிள்ளை டைப் அடிக்க, மற்ற இரண்டும் இரண்டு பக்கமும் நின்று கத்துகின்றன.

“மேல போ... மேல போ!”

“அது இல்லடா, அதுக்குக் கீழ!”

எனக்குச் சத்தம் என்றாலே ஆகாது. என் முகம் போன போக்கைப் பார்த்து அறிவியல் டீச்சர் சகாயமேரி சிரித்துவிட்டார்.

“இங்க ஒரு ரூல் இருக்கு மேடம். கீபோர்டுல கை வச்ச பிள்ளை சொந்தமா எதையும் அடிக்கக் கூடாது. மத்தவங்க சொல்றதைத்தான் அடிக்கணும். சொல்ற பிள்ளை கீபோர்டைத் தொடக் கூடாது. பத்து நிமிஷத்துக்கு ஒருக்க ஆள் மாத்திருவேன்.”

இதென்ன கூத்து? ஆளுக்கு ஒன்று இருந்தால் இந்தக் கஷ்டமே இல்லையே! சரி, அதற்குத்தானே வந்திருக்கிறோம் என்று ஜன்னலோரம் போய் நின்றேன்.

அங்கே இரண்டே பெண்கள். மூன்றாவது பெண் அன்று லீவு. அவர்களுடைய வேலை — பஸ்.

பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் வருகிறார்கள். எட்டே முக்காலுக்கு வர வேண்டிய பஸ், பல நாள் ஒன்பதரை தாண்டித்தான் வருமாம். முதல் பீரியட் கணக்கு. அது போயே போய்விடும். டிப்போவில் முறையிட்டால், ‘என்னைக்கு, எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு எழுதிக் கொண்டாங்க’ என்றார்களாம். அதே பஸ்ஸில் வரும் கோபிகா, ஒரு மாதமாக நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறாள். அதை அட்டவணையாக அடித்து மனுவோடு வைக்க வேண்டும்.

கோபிகாவுக்குப் பேச்சு திக்கும். ஆறாம் வகுப்பில் யாரோ கேலி செய்ததிலிருந்து வகுப்பில் வாய் திறப்பதில்லை. அட்டெண்டன்சுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவாளாம். கீபோர்டில் உட்கார்ந்துகொண்டால் பேச வேண்டாம். அதனால் அங்கேயே ஒட்டிக்கொள்வாள். ஆனால் இப்போது கீபோர்டில் இருந்தது ஹரிணி. நோட்டு கோபிகாவின் கையில்.

கோபிகா ஒன்பது விரலைக் காட்டினாள். ஹரிணி ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ‘8’ என்று அடித்தாள். கோபிகா இல்லையென்று பலமாகத் தலையாட்டினாள். ம்ஹூம். அடுத்த நாளுக்கும் எட்டு!

நான் சும்மா இருந்தேனா? “டீச்சர், பாவம்... அந்தப் பொண்ணே அடிச்சிட்டுப் போகட்டுமே” என்றேன். சகாயமேரி உதட்டில் விரலை வைத்தார்.

“எ... எட்டு இல்லடி! ஒ... ஒ... ஒம்போது!”

கோபிகாதான்!

“ஒம்போது நாப்பது! எ... எட்டுன்னு போட்டா பஸ்ஸு க... கரெக்டா வந்துச்சுன்னு ஆயிரும்டி லூசு!”

ஹரிணி அழித்துவிட்டு ஒன்பது போட்டாள். “அடுத்து சொல்லு” என்றாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. வேண்டுமென்றே தப்பாக அடித்தாளா? அது அவளுக்குத்தான் வெளிச்சம். கோபிகா சொன்னாள்... ஒரு மாதத்துக் கணக்கையும் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை நுழைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

“வகுப்புல ஒருத்தர்கூடத் திரும்பிப் பாக்கலையே, கவனிச்சீங்களா?” என்றார் சகாயமேரி. “அமைதியா இருக்கிற வகுப்புன்னா, இவ வாயெடுத்ததும் எல்லாத் தலையும் திரும்பும். இங்க எல்லாருமே கத்துறாங்க. பயமில்லாமப் பேசலாம்.”

நான் வந்த விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“வீட்டுக்குக் கொண்டுபோகக் குடுங்க, ரொம்பச் சந்தோஷம். வகுப்புக்கு மட்டும் மூணு பேருக்கு ஒண்ணே இருக்கட்டுங்க. இன்னும் ஏதாச்சும் செய்யணும்னு தோணுச்சுன்னா... ஒரு பிரிண்டர் வாங்கிக் குடுங்களேன். மனுவைப் பிரிண்ட் எடுக்கணும்.”

எங்களை மாதிரி ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. எத்தனை வேண்டும் என்று கேட்போம். என்ன வேண்டும் என்று கேட்கவே மாட்டோம். பிரிண்டர் என்றதும் குரூப்பில் ஒரே சோகம்... அதற்கு எப்படி விழா எடுப்பது? ஒருவழியாக வாங்கி அனுப்பினோம்.

போன வாரம் சகாயமேரி டீச்சர் போன் செய்தார். சில பிள்ளைகளோடு டிப்போவுக்குப் போயிருக்கிறார். அதிகாரி அட்டவணையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘பார்க்கலாம்’ என்றாராம். எல்லோரும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள். கோபிகா மட்டும் நகரவில்லையாம்.

“எ... எ... எப்பங்க சார்?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு காலண்டரைப் பார்த்தார். “திங்கக்கிழமையில இருந்தும்மா” என்றாராம். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து பஸ் எட்டே முக்காலுக்கு வருகிறது. ஒரே ஒரு நாள் ஐந்து நிமிடம் லேட். அதையும் கோபிகா குறித்து வைத்திருக்கிறாள்.

எத்தனையோ வருடமாகப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறேன். ‘பார்க்கலாம்’ என்று சொன்ன ஓர் அதிகாரியிடமாவது ‘எப்போது?’ என்று நான் கேட்டிருக்கிறேனா?