உசத்தி கிட்டார்

எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகளை ஒரு மணி நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு விரல்களை மூக்கருகே கொண்டுபோனால் பழைய சில்லறைக் காசின் வாசம் அடிக்கும். பதினாறு, பதினேழு வயதில் என் இடது கை அப்படித்தான் மணந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது, அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு "அந்தக் கையால சோத்துச் சட்டியத் தொடாத, இரும்பு நாறுது" என்பார், நான் உடனே, சாப்பிடுவது வலது கையால்தானே என்று வாதாடுவேன். எனக்கு அப்போதே வாய் நீளம். ஆனால் அந்த வாசம் ஒரு வாரம் இருக்கும், மறு வாரம் இருக்காது, ஏனென்றால் அந்த கிட்டார் எனக்குப் பாதிதான் சொந்தம்.

மீதிப் பாதி ஷீலாவுடையது. அவள் என் பள்ளித் தோழி. தாத்தா காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், அப்பா அலுவலகத்தில் கிளார்க், தோ பாயோவில் வீடு. என் அப்பா பஸ் ஓட்டுநர், நாங்கள் சுவா சூ காங்கில் இருந்தோம். பள்ளி இசையறையில் ஒரு கம்பி அறுந்துபோன கிட்டார் ஒன்றே ஒன்று கிடந்தது, அதில்தான் இருவரும் ஆளுக்குப் பத்து நிமிடம் என்று முறை வைத்துக் கற்றுக்கொண்டோம். அவள் வாசிக்கும்போது நான் மேசையில் தாளம் போடுவேன், நான் வாசிக்கும்போது அவள் போடுவாள். இருவரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும், அவள் அடித்தளமாக வாசிக்க அதன்மேல் நான் ராகம் பிடிக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஒரே ஆசை. அதைப் பேசிப் பேசியே நான்கு வருடப் பள்ளிப்படிப்பை ஓட்டினோம்.

ஓ லெவல் பரீட்சை முடிந்த விடுமுறையில் தேக்கா சந்தைக்கு எதிரே ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தோம். வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளை மடிப்புக் கலையாமல் திரும்ப அடுக்க வேண்டும். அதற்குள் அடுத்தவர் வந்து "அந்த அடியில இருக்குற பச்சைய எடும்மா" என்பார். அப்படி முதுகொடிய வேலை பார்த்து வந்த சம்பளத்தையும் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் பெரியவர்கள் உறையில் போட்டுக் கொடுத்த "அங் பாவ்" பணத்தையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு, நகரத்தில் ஒரு பழைய கடைத்தொகுதியின் மூன்றாம் மாடியில் இருந்த கிட்டார் கடைக்குப் போனோம்.

கடைக்காரச் சீனப் பெரியவர் எங்கள் இருவரையும் பார்த்தார், கையில் எவ்வளவு பணம் என்று கேட்டார், சுவரிலிருந்து ஒரே மாதிரி இரண்டு கிட்டார்களை இறக்கினார். "டூ கேர்ள்ஸ், டூ கிட்டார், சிம்பிள் லா" என்றார். அதோடு நின்றிருக்கலாம். என் கண் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருந்த தேன்நிற கிட்டார்மேல் விழுந்து தொலைத்தது. எங்கள் மொத்தப் பணத்துக்கும் அது ஒன்றுதான் வரும். எடுத்துக் காட்டச் சொன்னேன். சாதாரண கிட்டாரில் ஒரு கம்பியைத் தட்டினால் ஓசை பொசுக்கென்று அடங்கிவிட்டது. இதிலோ அதே கம்பியைத் தட்டியபோது எழுந்த ஓசை, பெரியவர் இன்னொருவருக்கு விலை சொல்லி முடிக்கும்வரை நின்றது. பொய் சொல்லக் கூடாது, அந்த வித்தியாசம் நிஜம், காது உள்ள யாருக்கும் கேட்கும்.

"ரெண்டு வாங்கலாம் லா. சேர்ந்து வாசிக்கலாம்ல" என்றாள் ஷீலா.

"மட்டமானத வாங்கி ஆறு மாசத்துல தூக்கிப் போடுறதுக்கா இத்தனை புடவை மடிச்சோம்? இது லைஃப் லாங் வரும்டி."

"சரி, லைஃப் லாங் யாரு வீட்டுல இருக்கும்?"

"ஒரு வாரம் உனக்கு, ஒரு வாரம் எனக்கு. அடுத்த லீவுல இன்னொண்ணு வாங்கிடலாம்."

அவள் அந்தச் சாதாரண கிட்டார்கள் இரண்டையும் இன்னொரு முறை பார்த்தாள். பிறகு "உன்கிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா" என்று சிரித்துவிட்டுப் பணத்தை என் கையில் கொடுத்தாள். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே பெட்டியில் வைத்துக் கொடுத்தார். ஒலிபெருக்கி வாங்கப் பணமில்லை என்றதும் உள்ளங்கை அகலத்தில் பேட்டரியில் ஓடும் ஒன்றை இனாமாகச் சேர்த்தார். வீட்டில் அதில் மாட்டி வாசித்துக் காட்டியபோது அப்பா, "கொசு கத்துற மாதிரி இருக்கே, இதுக்கா இவ்வளவு காசு?" என்றார்.

அதன் பிறகு எங்கள் நாள்காட்டியில் "என் வாரம்", "ஷீலா வாரம்" என்று இரண்டு வாரங்கள்தான். இருவர் வீடும் ஒரே ரயில் பாதையில் இருந்ததால் ஞாயிறு மாலை நடுவழியில், ஈசூன் நிலையத்தின் மேடையில் சந்தித்துக் கைமாற்றிக்கொள்வோம். பெட்டியைக் கையில் வாங்கும்போது ஏற்படுகிற சந்தோஷமும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும்போது ஏற்படுகிற வெறுமையும் இருக்கிறதே, அப்பப்பா, அதற்குப் பிறகு நான் எதற்காகவும் அப்படி ஏங்கியதில்லை. இரண்டு ரயிலை விட்டுவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அந்த வாரம் கற்றதை அவள் வாசித்துக் காட்டுவாள், பிறகு நான் வாசிப்பேன். பள்ளி இசையறையில் இருந்த அதே முறைதான், கிட்டார் மட்டும் உசத்தி.

அடுத்த விடுமுறையில் வாங்கவில்லை. அவளுக்குக் கல்லூரி, எனக்குப் பாலிடெக்னிக், எல்லாம் செலவு. ஷீலாவின் பதினெட்டாம் பிறந்தநாளுக்கு அவள் அப்பா என்னிடம், "பிள்ளை, அவளுக்கும் ஒண்டு வாங்கிக் குடுக்கப் போறன், சாதாரணமானதெண்டாலும் பரவாயில்லைத்தானே?" என்று கேட்டார். "வேண்டாம் அங்கிள். இத வாசிச்ச கைக்கு அதெல்லாம் பிடிக்காது. இது பக்கத்துல அது கேக்கவே நல்லா இருக்காது" என்றேன். பக்கத்தில் நின்ற ஷீலா கிட்டார்ப் பெட்டியின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு என் வாயைத் தைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டே அவள் குடும்பம் பெர்த்துக்குக் குடிபெயர்ந்தது. விமானத்தில் அவ்வளவு பெரிய பெட்டி வேண்டாம் என்றாள், "உன் வாரம் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனாள். நானும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது அந்தக் கடைத்தொகுதி இருந்த இடத்தில் வேறு கட்டடம் நிற்கிறது. புடவைக் கடை கைப்பேசிக் கடையாகிவிட்டது, ஈசூன் மேடையில் யாரும் இரண்டு ரயிலை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதில்லை. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. சென்ற டிசம்பரில் ஷீலா ஒரு திருமணத்துக்காக வருகிறாள் என்று தெரிந்ததும் நேராகப் போய் அதே மாதிரி இன்னொரு உசத்தி கிட்டார் வாங்கினேன். இந்த முறை விலையைப் பற்றி ஒரு நொடி யோசிக்கவில்லை. என் வீட்டுக்காரர், "ஒண்ணுக்கே இடமில்ல, உனக்குப் பைத்தியமா?" என்றார். எப்படியாவது ஒரே ஒரு தடவை இருவரும் சேர்ந்து வாசித்துவிட வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஷீலா வந்தாள், கட்டிக்கொண்டோம், பால் கலந்த தே குடித்தோம். புதியதை அவள் மடியில் வைத்தேன். அவள் இடது கை கம்பிகளின்மேல் இங்கும் அங்கும் தேடியது, பிறகு நின்றுவிட்டது.

"எல்லாம் மறந்துபோச்சுடி."

"அங்க போயி வாசிக்கலையா?"

"கையில கிட்டார் இல்லியே. அப்பாகிட்டக் கேட்டிருக்கலாம். சாதாரணமானது எனக்குப் பிடிக்காதுன்னு நீ சொன்னீல்ல, நானும் அப்படியே நம்பிட்டேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை, பிஸ்கட்டைத் தேயில் நனைத்துக்கொண்டே சொன்னாள். பிறகு புதியதைச் சோபாவில் சாய்த்து வைத்துவிட்டு, "நீ வாசி லா, நான் கேக்குறேன்" என்றாள்.

வாசித்தேன். அவள் மேசையில் தாளம்கூடப் போடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு விருந்தாளியைப் போலக் கேட்டாள். உசத்தி கிட்டாருக்குக் கூடுதல் பணம் தகுமா என்று யாராவது கேட்டால் தகும் என்றுதான் சொல்வேன்; அன்று கடையில் கேட்ட அதே ஓசை இன்னமும் அப்படியே நிற்கிறது, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பணத்துக்கு இரண்டு சாதாரண கிட்டார் வந்திருக்கும், ஷீலாவும் வாசித்திருப்பாள்.